டிராமடாலை நிறுத்தியதும் வியர்வை, தூக்கமின்மை: அப்பா அடிமையாகிவிட்டாரா?

நீங்கள் சொன்னதை மட்டும் வைத்து அப்படி முடிவு கட்ட முடியாது. முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு ஐந்து வாரம் சாப்பிட்ட டிராமடாலை, அதாவது அபின் வகை வலி மாத்திரையை, உங்கள் அப்பா ஒரேயடியாக நிறுத்தியிருக்கிறார். மறுநாளே வியர்வை, கொட்டாவி, மூக்கொழுகல், தூக்கமின்மை என்றால், பெரும்பாலும் மருந்துக்குப் பழகிய உடம்பு முரண்டு பிடிக்கிறது. அடிமைத்தனம் வேறு: வலி இல்லாதபோதும் மாத்திரைக்கு ஏங்குவது, ஒளித்து வைப்பது, இன்னொரு டாக்டரிடம் இன்னொரு சீட்டு வாங்குவது.

இன்றே எழுதிக்கொடுத்த டாக்டரைக் கூப்பிட்டு, படிப்படியாகக் குறைக்கும் அட்டவணை கேளுங்கள். அதற்கு முன்:

1. சீட்டில் உள்ள தேதியையும் அட்டையில் மீதமுள்ள மாத்திரைகளையும் ஒப்பிடுங்கள். கணக்கு இடித்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், அப்பாவைத் திட்டாதீர்கள்.

2. வேறு என்ன சாப்பிடுகிறார்? அல்பிரசோலம் மாதிரி பதற்றம் குறைக்கும் மாத்திரை டிராமடாலோடு சேர்ந்தால் மூச்சு மந்தமாகலாம். சில மனச்சோர்வு மருந்துகளோடு டிராமடால் சேர்ந்தால் வலிப்பு வரலாம்.

நீங்களாக மாத்திரையை உடைத்துக் கொடுக்க வேண்டாம். மெதுவாகக் கரையும் வகையாக இருந்தால் முழு மருந்தும் ஒரே நேரத்தில் இறங்கிவிடும். எத்தனை நாள், எப்படி நிறுத்துவது என்பதை முதல் சீட்டிலேயே எழுதியிருக்க வேண்டும். இத்தனை வார மாத்திரையை மொத்தமாகக் கொடுத்தது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஒன்று கவனம். சில நாள் இடைவெளி விட்டபின் பழைய அளவே அவருக்கு அதிகமாகிவிடலாம். எழுப்பினாலும் எழாத தூக்கம், மெதுவான மூச்சு, வலிப்பு, குழப்பம் இதில் எது தெரிந்தாலும் உடனே அவசர சிகிச்சைக்குக் கொண்டுபோங்கள்.