மக்கபேயர் காலமும் எலியாஸ் பிக்கர்மனும்: கேள்வி பதில்

அலெக்சாந்தர் இறந்த கி.மு. 323 முதல் எகிப்து ரோமிடம் வீழ்ந்த கி.மு. 30 வரையிலான, கிரேக்கப் பண்பாடு பரவிய காலத்தை ஹெலனியக் காலம் என்பது வழக்கம். அக்காலத்து யூதர் வரலாற்றையும், அதை ஆராய்வதையே வாழ்க்கையாகக் கொண்ட எலியாஸ் பிக்கர்மனின் பணியையும் பற்றி நண்பர்கள் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி (வரலாற்று மாணவி ஒருவர்): ஐயா, பிக்கர்மனின் வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

பதில்: 1897இல் ரஷ்யப் பேரரசில் பிறந்த அவர், புனித பீட்டர்ஸ்பர்க் நகரில் வளர்ந்து, அங்கே மிக்கயீல் ரோஸ்தோவ்த்செவ் என்ற பேரறிஞரிடம் பயின்றார். புரட்சிக்குப் பின், 1920களின் தொடக்கத்தில், குடும்பத்தோடு பெர்லினுக்குப் புலம்பெயர்ந்தார். அங்கே பாப்பிரஸ் (நாணல் தாளில் எழுதிய பழஞ்சுவடி) ஆய்வில் முதன்மையானவராகக் கருதப்பட்ட உல்ரிக் வில்கனிடம் பயின்று 1926இல் முனைவர் பட்டம் பெற்றார். ரோமப் பேரரசில் வாழ்ந்தோர்க்குக் கி.பி. 212இல் குடியுரிமை வழங்கிய கரகல்லா பேரரசரின் ஆணையோடு தொடர்புடையதாகக் கருதப்படும், கீசன் நகரில் உள்ள பாப்பிரஸ் ஒன்றே அவருடைய ஆய்வுப் பொருள். 1933இல் நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் பாரிஸ் சென்றார். 1942இல் அங்கிருந்தும் தப்பி நியூயார்க் சேர்ந்தார். அதன் பின் பத்தாண்டுகள் தற்காலிகப் பணிகளிலேயே கழிந்தன. 1952இல், 55 வயதை எட்டும் நிலையில்தான், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் நிலையான பேராசிரியர் பதவி கிடைத்தது. 1967 வரை அங்கே கற்பித்தார். 1981இல் டெல் அவிவ் நகரில் காலமானார்.

கேள்வி: நூலக அட்டவணையில் அவர் பெயர் மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கிறது. மூன்றும் ஒருவர்தானா?

பதில்: ஒருவரேதான். ஜெர்மன் நூல்களில் இறுதியில் 'ன்' ஒலிக்கு இரண்டு எழுத்துகள் இருக்கும். பிரெஞ்சு நூல்களில் நடுவிலுள்ள ஓர் எழுத்து குறையும். ஆங்கில நூல்களில் வேறொரு வடிவம் காணப்படும். குடியேறிய ஒவ்வொரு நாட்டிலும் அந்நாட்டு மொழியிலேயே எழுதியதால் வந்த விளைவு இது. தேடும்போது மூன்று வடிவங்களையும் இட்டுத் தேடுங்கள். இல்லையேல் பாதிக் கட்டுரைகள் கைக்கு வராமலே போகும்.

கேள்வி (ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்): மக்கபேயர் பற்றி அவர் சொன்ன கருத்து ஏன் அவ்வளவு சர்ச்சையைக் கிளப்பியது?

பதில்: மக்கபேயர் முதல், இரண்டாம் நூல்கள் கத்தோலிக்க விவிலியத்தில் இடம்பெற்றுள்ளன, புரொட்டஸ்டன்ட் திருச்சபையினரின் வேதாகமத்தில் இரா. ஆதலால் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். கி.மு. 167 அளவில், சிரியாவை ஆண்ட செலூக்கிய மன்னன் நான்காம் அந்தியோக்கு, யூதர்கள் தங்கள் திருச்சட்டப்படி வாழ்வதைத் தடைசெய்தான்; விருத்தசேதனமும் ஓய்வுநாள் கடைப்பிடிப்பும் மரண தண்டனைக்குரிய குற்றங்களாயின; எருசலேம் கோவிலில் அயல்வழிபாடு புகுத்தப்பட்டது. இதை எதிர்த்து யூதா மக்கபேயும் அவன் உடன்பிறந்தாரும் கிளர்ந்தெழுந்து, கி.மு. 164 இறுதியில் கோவிலை மீட்டுத் தூய்மைப்படுத்தினர்.

பல தெய்வங்களை வணங்கும் ஒரு மன்னனுக்கு, தன் குடிகளில் ஒரு சாராரின் வழிபாட்டை மட்டும் வேரறுக்கும் எண்ணம் எங்கிருந்து வந்தது என்பதே பிக்கர்மன் எழுப்பிய கேள்வி. செலூக்கிய அரசு வேறெங்கும் அப்படிச் செய்யவில்லை. யூதர்களோடு நெருங்கிய உறவுடைய சமாரியர், தாங்கள் வேறு மக்கள் என்று விண்ணப்பித்தபோது, அதே மன்னன் அவர்களுக்கு விலக்கு அளித்ததாக ஒரு கடிதத்தை முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் எடுத்தாள்கிறார். எனவே இந்தத் தடையைத் தூண்டியவன் மன்னன் அல்லன். தலைமைக் குருவான மெனலாவும் அவனைச் சார்ந்த, யூத சமயத்தைக் கிரேக்க வழிக்கு ஏற்ப மாற்ற விரும்பிய தீவிரச் சீர்திருத்தக்காரர்களுமே என்று பிக்கர்மன் வாதிட்டார். தானியேல் நூலின் 11ஆம் அதிகாரம், உடன்படிக்கையைக் கைவிட்டவர்களின் சொல்லுக்கு மன்னன் செவிசாய்த்ததைக் கூறுகிறது. இன்னல்களுக்கெல்லாம் காரணன் மெனலாவே என்று குற்றஞ்சாட்டப்பட்டு அவன் கொல்லப்பட்டதை இரண்டாம் மக்கபேயர் நூலின் 13ஆம் அதிகாரம் சொல்கிறது. இவை இரண்டும் அவருடைய வலுவான சான்றுகள்.

பிக்கர்மன் இக்கருத்தை முன்வைத்த நூல் 1937இல் வெளிவந்தது. எழுதியவரோ பாரிஸில் அகதி. வெளியிட்டதோ நாஜி ஆட்சியின் கீழ் பெர்லினில் மூச்சுத் திணறிக்கொண்டிருந்த ஷோக்கன் என்னும் யூதப் பதிப்பகம். அடுத்த ஆண்டே அப்பதிப்பகம் மூடப்பட்டது. யூதர்கள் கண்முன் ஒடுக்கப்பட்டுக்கொண்டிருந்த நேரத்தில், பழைய ஒடுக்குமுறைக்கு யூதர் சிலரே காரணம் என்று ஒரு யூதர் எழுதினால், வாசித்தவர்கள் எப்படி அமைதியாக இருந்திருக்க முடியும்?

கேள்வி: அந்தக் கருத்தைத் தாங்கள் ஏற்கிறீர்களா?

பதில்: கேள்வியை ஏற்கிறேன், விடையை முழுமையாக ஏற்கவில்லை. மெனலா பதவிக்காகப் பணம் கொடுத்தவன், கோவில் பொருள்களை விற்றவன் என்பதற்குச் சான்று உண்டு; ஆனால் அவனிடம் ஒரு சீர்திருத்தக் கொள்கை இருந்தது என்பதற்குச் சான்று மிகக் குறைவு. 19ஆம் நூற்றாண்டு ஜெர்மனியின் யூதச் சீர்திருத்தவாதிகளோடு பிக்கர்மன் மெனலாவின் கூட்டத்தை ஒப்பிட்ட இடத்தில், தம் காலத்துக் கண்ணாடியை அணிந்துகொண்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

எருசலேமின் எபிரேயப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய விக்டர் செரிக்கோவர் வேறொரு விளக்கம் தந்தார். அவரும் ரஷ்யாவிலிருந்து பெர்லின் வந்து படித்தவரே. ஆனால் 1925இல் பாலஸ்தீனத்துக்குக் குடிபெயர்ந்தவர். தடைக்குப் பின் கிளர்ச்சி வந்தது என்ற வரிசையை அவர் புரட்டிப்போட்டார்: எருசலேமில் முதலில் கிளர்ச்சி மூண்டது, அதை ஒடுக்கவே தடை வந்தது என்பது அவர் வாதம். மன்னனின் நோக்கத்தை மனத்தளவில் ஊகிப்பதைவிட இது எளிமையானது. எனவே நான் இவர் பக்கமே சாய்கிறேன். எனினும் 1969இல் ஜெர்மானிய அறிஞர் மார்ட்டின் ஹெங்கல் ஹெலனியமும் யூதமும் கலந்த விதம் பற்றிப் பெருநூல் எழுதியபோது, பிக்கர்மனின் விடையையே பெரிதும் தழுவிக்கொண்டார் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

கேள்வி (வழக்கறிஞர் ஒருவர்): பழைய நூல்களில் மேற்கோளாக வரும் அரச கடிதங்கள் போலியா மெய்யா என்று எப்படித் தீர்மானிக்கிறார்கள்?

பதில்: பத்திரம் பார்த்துப் பழகிய தங்களுக்கு இது எளிதில் விளங்கும். கி.மு. 200ஐ ஒட்டி எருசலேமைக் கைப்பற்றிய மூன்றாம் அந்தியோக்கு, யூதர்கள் தம் மூதாதையர் சட்டப்படி வாழலாம் என்று அனுமதித்து, கோவிலைச் செப்பனிட மரம் கொண்டுவர வரிவிலக்கு அளித்து, நகருக்குத் திரும்புவோர்க்கு மூன்றாண்டு வரியைத் தள்ளுபடி செய்த ஒரு கடிதத்தை யோசேபஸ் தருகிறார். இவ்வளவு சாதகமான கடிதம் பிற்காலத்தில் யாரோ புனைந்ததாகத்தான் இருக்கும் என்று ஐயுற்றவர்கள் உண்டு. 1935இல் பிக்கர்மன் அதன் ஒவ்வொரு சலுகையையும் சொல்வழக்கையும் செலூக்கிய அரசின் பிற ஆவணங்களோடு ஒப்பிட்டு, அது அரண்மனை எழுத்தரின் கைப்பழக்கமே என்று காட்டினார். போரில் சேதமுற்ற நகருக்கு ஹெலனிய மன்னன் தரும் வழக்கமான சலுகைகள் இவை. யூதர்களுக்கென்று தனிப்பட்ட பாசம் எதுவும் இதில் இல்லை.

இதற்கு வலுச்சேர்ப்பதுபோல், பிக்கர்மன் இறந்த பின் 1989இல் வெளியிடப்பட்ட, இன்றைய துருக்கியில் உள்ள சார்தீஸ் நகரக் கல்வெட்டுகளில், அதே மன்னன் கி.மு. 213இல் அந்நகரை மீண்டும் எழுப்ப மரம் வெட்டிக்கொள்ள அனுமதித்தது காணப்படுகிறது. என்னைக் கேட்டால், மெனலா பற்றிய நூலைவிட இந்தக் கட்டுரைதான் அவருடைய தலைசிறந்த பணி.

கேள்வி: முதல் மக்கபேயர் நூலில் கோவில் தூய்மைப்படுத்தப்பட்டது செலூக்கிய ஆண்டுக்கணக்கில் 148ஆம் ஆண்டு, மன்னன் நான்காம் அந்தியோக்கு இறந்தது 149ஆம் ஆண்டு. பாபிலோனிய அரசர் பட்டியலில் மன்னன் இறந்தது 148. எது சரி?

பதில்: இரண்டும் சரி. செலூக்கிய ஆண்டுக்கணக்கு அரசவையில் கி.மு. 312 இலையுதிர் காலத்திலிருந்தும், பாபிலோனில் கி.மு. 311 வசந்த காலத்திலிருந்தும் எண்ணப்பட்டது. முதல் மக்கபேயர் நூல் அரசு நிகழ்ச்சிகளுக்கு முதல் கணக்கையும், யூதர்களின் உள்நிகழ்ச்சிகளுக்கு இரண்டாம் கணக்கையும் கலந்து பயன்படுத்துகிறது என்பது பிக்கர்மன் காட்டிய வழி. அவ்வாறு கொண்டால் கோவில் தூய்மைப்படுத்தப்பட்டது கி.மு. 164 டிசம்பர், மன்னனின் மரணச் செய்தி பாபிலோனை எட்டியதும் அதே ஆண்டு நவம்பர்–டிசம்பர். தாங்கள் குறிப்பிடும் பட்டியல் 1954இல்தான் அச்சேறியது. பிக்கர்மன் தம் கணக்கை அதற்கு முன்பே போட்டுவிட்டார்.

கேள்வி: அவருக்குப் பின் புதிய சான்று ஏதேனும் கிடைத்ததா?

பதில்: கிடைத்தது. கோவில் கருவூலத்தைக் கைப்பற்ற வந்த எலியதோர் என்னும் அரச அதிகாரி வானுலகக் குதிரைவீரனால் தாக்கப்பட்ட கதை இரண்டாம் மக்கபேயர் நூலில் வருகிறது. அதே எலியதோருக்கு நான்காம் செலூக்கு மன்னன் கி.மு. 178இல் எழுதிய கடிதம் பொறித்த கல் 2007இல் வெளியிடப்பட்டது. அதன் உடைந்த அடிப்பகுதித் துண்டுகள் இஸ்ரேலில் உள்ள மாரேசா அகழாய்வில் கிடைத்தவை என்று பின்னர் அடையாளம் காணப்பட்டது. அப்பகுதியின் கோவில்களைக் கவனிக்க ஒலிம்பியதோர் என்பவரை அமர்த்தும் ஆணை அது. குதிரைவீரன் கல்வெட்டில் வரவில்லை, கோவில் நிர்வாகம்தான் வருகிறது.

கேள்வி (முதுகலை மாணவர் ஒருவர்): இத்துறையில் நான் நுழையலாமா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்: கிரேக்கத்திலிருந்து தொடங்குங்கள். எபிரேயமும் அரமேயமும் கட்டாயம். ஆனால் அக்கால அரச ஆவணங்கள் பெரும்பாலும் கிரேக்கத்தில்தான் உள்ளன. தமிழ்நாட்டின் இறையியல் கல்லூரிகளில் விவிலியக் கிரேக்கமும் எபிரேயமும் கற்பிக்கப்படுகின்றன. அடித்தளத்துக்கு அது போதும். ஜெர்மனும் பிரெஞ்சும் வாசிக்கத் தெரியாமல் இத்துறையில் நடமாட முடியாது. பாப்பிரஸ் பாடங்கள் பல இப்போது இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. முசிறித் துறையோடு தொடர்புடைய கி.பி. 2ஆம் நூற்றாண்டுக் கடன் ஒப்பந்தம் வியன்னாவில் இருக்கிறது. அதை வாசிக்கவும் இதே பயிற்சிதான் வேண்டும்.

வேலைவாய்ப்பு மிகக் குறைவு என்பதை மறைக்க மாட்டேன். இத்துறைக்கென்று தனிப் பதவிகள் அரிது. செவ்வியல், சமயவியல், யூதவியல் ஆகிய துறைகளில் ஏதேனும் ஒன்றில் ஒதுங்கித்தான் பணியாற்ற வேண்டியிருக்கும். பிக்கர்மனே 1940கள் முழுவதும் நிலையான இடமின்றி அலைந்தார். பிழைப்புக்கு வேறொரு வழியையும் கையில் வைத்துக்கொண்டு வாருங்கள்.

கேள்வி: அவர் தன்வரலாறு எழுதினாரா?

பதில்: எழுதவில்லை. தந்தையும் வேதியியலாளரான தம்பியும் தத்தம் நினைவுகளை எழுதி வைத்தார்கள். ஆவணங்களைக் கொண்டே மற்றவர்களின் வரலாற்றை எழுதிய இவரோ, தம் தனிப்பட்ட தாள்களை அழித்துவிடும்படி சொல்லிச் சென்றார், அவ்வாறே அழிக்கப்பட்டன. ஆகவே அவர் வரலாற்றை எழுத வந்தவர்கள், மற்றவர்களின் பெட்டிகளில் தங்கிப்போன கடிதங்களைத் தேடிச் சேர்க்க வேண்டியிருந்தது.