சின்ன ரிவால்வருக்கு லேசர் பொருத்தலாமா?

கேள்வி: ஹூஸ்டன் அருகே நானும் கணவரும் பெட்ரோல் பங்க்கோடு சேர்ந்த சிறு கடை நடத்துகிறோம். எனக்கு வயது 58, கிரீன் கார்டு இருக்கிறது. கடையில் ஒருமுறை திருட முயன்றார்கள். அதன்பிறகு ஐந்து தோட்டா கொள்ளும் .38 ரிவால்வர் ஒன்று வாங்கினேன். குறி பார்க்கும்போது குழல் முனையில் இருக்கும் முன் சைட் மங்கலாகத் தெரிகிறது. ஒளிப்புள்ளியால் குறி காட்டும் லேசர் வைத்த கைப்பிடி போட்டால் பயிற்சியே தேவையில்லை என்கிறார் துப்பாக்கிக் கடைக்காரர். எச்-1பி விசாவில் எங்களோடு இருக்கும் மருமகன், சுட்டுப் பழகும் இடமான ரேஞ்சுக்கு எடுத்துப் போய்ச் சுட்டுப் பார்த்துச் சரிசெய்து தருகிறேன் என்கிறார். செய்யலாமா?

பதில்: லேசர் போடலாம், உங்களுக்கு உதவும். ஆனால் மருமகன் அந்தத் துப்பாக்கியைத் தொடக் கூடாது. இரண்டாவதை முதலில் சொல்லிவிடுகிறேன், அதில்தான் சிறை இருக்கிறது.

தற்காலிக விசாவில் அமெரிக்கா வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்பது மத்திய அரசின் சட்டம். எச்-1பி, எச்-4, எல்-1, மாணவர்களின் எஃப்-1 எல்லாம் இதில் அடக்கம். டெக்சஸில் 2021 செப்டம்பரிலிருந்து உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கியை வெளியே எடுத்துச் செல்லலாம் என்று ஆனதால், நம் பிள்ளைகள் பலர் தங்களுக்கும் அது பொருந்தும் என்று நினைக்கிறார்கள். பொருந்தாது. 'வைத்திருப்பது' என்றால் சொந்தமாக வாங்குவது மட்டும் இல்லை. ரேஞ்சில் பத்து நிமிடம் கையில் பிடித்துச் சுடுவதும் அதில் வரும். 2022-இல் திருத்தியபின் தண்டனை 15 ஆண்டு வரை போகலாம்.

ரெஹைஃப் என்பவரின் வழக்கு 2019-இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. ஃப்ளோரிடாவில் ஒரு ரேஞ்சில் சுட்டதில் தொடங்கிய வழக்கு அது. மாணவர் விசாவில் வந்து, பல்கலைக்கழகம் நீக்கியதால் இங்கே தங்கும் தகுதியை இழந்தவர் அவர். தன் நிலை அவருக்குத் தெரிந்திருந்தது என்பதை அரசு நிரூபிக்க வேண்டும் என்றது நீதிமன்றம். உங்கள் மருமகனுக்கு இது கைகொடுக்காது. தன்னுடையது என்ன விசா என்பது அவருக்கு நன்றாகவே தெரியும்.

ஒரு விலக்கு உண்டு. ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம் இருந்தால் இந்தத் தடை நீங்கும். வேட்டை உரிமம், மீன்பிடி உரிமம் இல்லை. இரண்டும் சேர்ந்த காம்போ என்றால் சரி. டெக்சஸ் வேட்டை உரிமத்தை எந்த மாதத்தில் வாங்கினாலும் ஆகஸ்ட் 31-ஓடு அது முடியும். ஜூலையில் வாங்கிவிட்டு 'ஒரு வருடம் இருக்கிறது' என்று செப்டம்பரில் ரேஞ்சுக்குப் போனால் குற்றம். 'போன வருடம் எடுத்தேன்' என்றாலும் செல்லாது, 'கிரீன் கார்டுக்குப் போட்டாயிற்று' என்றாலும் செல்லாது. முதலில் உரிமம், அப்புறம்தான் துப்பாக்கி. சுட்டுவிட்டு வந்து வாங்கிக்கொள்ளலாம் என்பதும் நடக்காது.

இதை யார் சொல்ல வேண்டும்? விசா கொடுத்தவர்கள் சொல்வதில்லை, வேலை கொடுத்த நிறுவனம் சொல்வதில்லை. கடையில் துப்பாக்கி வாங்கும்போது நிரப்பும் 4473 படிவம் விசாவைக் கேட்கும். ஆனால் ரேஞ்சுக்குள்ளேயே வாடகைக்கு எடுத்துச் சுட அந்தப் படிவம் தேவையில்லை. காயம் பட்டால் நாங்கள் பொறுப்பில்லை என்று ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு உள்ளே விடுகிறார்கள். சனிக்கிழமை பொழுதுபோக்காக நண்பர்களோடு போகும் ஒரு நல்ல பையனின் வாழ்க்கையே இதில் போகலாம். இத்தனை பெரிய தண்டனை வைத்திருப்பவர்கள் வாசலில் ஒரு பலகை வைக்கக் கூடாதா? துப்பாக்கிச் சந்தையான கன் ஷோவில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பவர் 'மாமியார் பேரில் வாங்கிக்கோ' என்பார். அடுத்தவருக்காகத் தன் பெயரில் வாங்குவதும் தனிக் குற்றம், அதற்கும் 15 ஆண்டு வரை.

சரி, லேசருக்கு வருவோம்.

முன் சைட் மங்குவது வெள்ளெழுத்தால். கை நீளத்தில் இருக்கும் சைட்டும் தூரத்தில் இருக்கும் ஆளும் ஒரே நேரத்தில் தெளிவாகத் தெரிய இந்த வயதில் கண் விடாது. ப்ரொக்ரசிவ் கண்ணாடி போட்டிருந்தால் தலையை அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கும். லேசர் புள்ளி எதிரே விழுவதால் பார்வையை அங்கேயே வைத்துக்கொள்ளலாம். இரவு கடை மூடும் நேரத்தில் இது பெரிய உதவி.

ஆனால் புள்ளி கையை நிலைப்படுத்தாது. உங்கள் துப்பாக்கி அரைக் கிலோகூட இருக்காது, அதன் விசையை (ட்ரிக்கரை) இழுக்கவோ ஏறக்குறைய ஐந்து கிலோ அளவுக்குப் பலம் வேண்டும். கை ஆடும், புள்ளியும் ஆடும். அது நிற்கட்டும் என்று காத்திருந்து, நின்ற நொடியில் வெடுக்கென்று இழுப்பவர்களைத்தான் என் வகுப்பில் அதிகம் பார்க்கிறேன். குண்டு கீழே போய்விடும். புள்ளி கொஞ்சம் ஆடட்டும், நீங்கள் விசையை ஒரே சீராக இழுங்கள்.

'பயிற்சி வேண்டாம்' என்று சொன்ன அதே கடைக்காரர், பெண்கள் கைக்கு இதுதான் சரி என்று இருப்பதிலேயே லேசான ரிவால்வரை உங்களிடம் தள்ளியிருப்பார். எடை குறையக் குறைய உதை கூடும். ஐந்து தோட்டா சுட்டதும் மணிக்கட்டு வலித்து, அதோடு பெட்டிக்குள் போன ரிவால்வர்கள் எத்தனையோ. கவுன்டருக்கு அடியிலேயே வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால், அரைக் கிலோவைத் தாண்டும் எஃகு ரிவால்வர்தான் உங்களுக்கு நல்லது. மாற்ற முடிந்தால் மாற்றுங்கள்.

கைப்பிடியோடு சேர்ந்த லேசரையே வாங்குங்கள். நடுவிரல் அழுத்தும் இடத்தில் பொத்தான் இருக்கும், இறுகப் பிடித்தாலே எரியும். அடியில் கவ்வி மாட்டி, தனியாக சுவிட்ச் தேடும் மலிவு லேசர்கள் பதற்றத்தில் பயன்படாது. ஒன்றைக் கவனியுங்கள். கைப்பிடி லேசரின் ஒளி பெரும்பாலும் வலது மேற்புறத்திலிருந்து வரும். ஆள்காட்டி விரலை விசைக்கு வெளியே துப்பாக்கியின் உடலோடு நீட்டி வைக்கும்போது, அந்த விரலே ஒளியை மறைத்துவிடும். லேசர் கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள்.

நடுப்பகலில் பம்ப் அருகே சிவப்புப் புள்ளி கண்ணுக்கே தெரியாது. பச்சை மேல், ஆனால் பேட்டரி சீக்கிரம் தீரும். குளிர்பானப் பெட்டியின் கண்ணாடிக் கதவில் பட்டால் வேறெங்கோ தெறிக்கும். அதனால் எப்போதும் கண் மட்டத்துக்கு உயர்த்திப் பிடிக்கும் பழக்கம் வேண்டும். புள்ளி தெரிந்தால் பயன்படுத்துங்கள், தெரியாவிட்டால் தேடிக்கொண்டிருக்காதீர்கள். முன் சைட்டில் பளிச்சென்ற ஆரஞ்சு நிற நெயில் பாலிஷ் பூசி வைத்தால் மங்கலாகவாவது தெரியும்.

நெஞ்சில் புள்ளியைப் பார்த்தால் திருடன் ஓடிவிடுவான் என்றும் விற்பார்கள். நம்பாதீர்கள். சண்டை போடும் வாடிக்கையாளரை நோக்கித் துப்பாக்கியை நீட்டினாலே, டெக்சஸ் சட்டத்தில் அதற்கு ஓராண்டு வரை சிறை உண்டு, ஆயுதத்தால் மிரட்டிய வழக்கானால் 20 ஆண்டு வரை போகலாம். தோட்டா இல்லை என்று நினைத்திருந்தேன் என்றாலும் தப்ப முடியாது. துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பெற்றால் கிரீன் கார்டுக்கும் ஆபத்து.

லேசரின் உண்மையான பலன் வீட்டுப் பயிற்சியில் இருக்கிறது. தோட்டாக்களை எடுத்து வேறு அறையில் வைத்துவிட்டு வாருங்கள். காலி என்று இரண்டு முறை பாருங்கள். அந்தப் பக்கம் யாரும் இல்லாத கெட்டியான சுவரில் ஒரு புள்ளியை வைத்து, லேசர் துள்ளாமல் விசையை இழுக்கப் பாருங்கள். தினமும் பத்து முறை, ஒரு மாதம்.

லேசரைத் துப்பாக்கியோடு ஒத்துப்போக வைக்க, ரேஞ்சில் இருக்கும் பயிற்சியாளரையே கேளுங்கள். ஏழு கஜத்தில் வைத்தால் உங்கள் கடைக்குப் போதும். ஐம்பது தோட்டாவுக்கு ஒருமுறை சரிபாருங்கள். லென்ஸில் கரி படியும், துடையுங்கள். பேட்டரியை வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

வீட்டில் பூட்டுப் பெட்டியில் வையுங்கள், சாவியோ எண்ணோ மருமகனுக்குத் தெரிய வேண்டாம். அவர் ஏற்கெனவே எங்காவது போய்ச் சுட்டிருந்தால், ரேஞ்சில் எடுத்த படங்களை யாருக்கும் அனுப்பாமல், குடியேற்றச் சட்டமும் குற்றவியல் சட்டமும் தெரிந்த வழக்கறிஞரை இந்த வாரமே பார்க்கச் சொல்லுங்கள்.