விளக்கடியில் வளரும் செடிகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் அடுக்ககத்தின் பால்கனி வடக்குப் பார்த்தது. குழித்தட்டில் போடும் தக்காளி, மிளகாய் விதைகள் முளைத்த நான்கே நாளில் நூல்போல் நீண்டு சாய்ந்துவிடுகின்றன. செடிகளுக்கென்று ஊதா நிறத்தில் ஒளிரும் எல்.இ.டி. விளக்கு ஒன்றை இணையக் கடையில் பார்த்தேன். அதை வாங்கலாமா?
– வாசகி, வேளச்சேரி

பதில்: உங்கள் நாற்றுக்கு நோய் எதுவும் இல்லை; அது வெளிச்சத்தைத் தேடி ஓடுகிறது. ஒளி போதாத இடத்தில் முளைக்கும் செடி, இலையை விரிப்பதை ஒத்திப்போட்டுவிட்டு, இருக்கும் சக்தி முழுவதையும் தண்டை நீட்டுவதில் செலவழிக்கும். ஒளியில் நீலப் பகுதி போதுமான அளவு கிடைத்தால் இந்த நீட்சி அடங்கி, கணுக்களுக்கு இடையிலான தூரம் குறைந்து, தண்டு குட்டையாகவும் தடிமனாகவும் வரும். அதனால்தான் நாற்றுப் பருவத்துக்கு நீலம் கூடிய விளக்கைப் பரிந்துரைக்கிறார்கள்.

அந்த நீலத்துக்காக ஊதா விளக்கைத் தேடிப் போக வேண்டியதில்லை. வெள்ளை எல்.இ.டி. விளக்கு என்பதே, நீல ஒளி உமிழும் சில்லின் மேல் மஞ்சள் நிறப் பொருளைப் பூசிச் செய்ததுதான். கடையில் ‘கூல் டேலைட்’ என்றும் 6500 கெல்வின் என்றும் அச்சிட்டு விற்கப்படும் சாதாரண ட்யூப்லைட்டில் நாற்றுக்குத் தேவையான நீலம் தாராளமாகவே இருக்கிறது. பச்சையம் சிவப்பையும் நீலத்தையும் அதிகமாக உறிஞ்சுகிறது என்ற உண்மையிலிருந்து பிறந்தது ஊதா விளக்கு. ஆனால் மெக்கிரீ என்ற ஆய்வாளர் 22 பயிர்களை வைத்து அளந்து 1972இல் வெளியிட்ட முடிவுகளின்படி, இலைகள் பச்சை ஒளியையும் ஒளிச்சேர்க்கைக்குக் கணிசமாகப் பயன்படுத்துகின்றன. ஊதா ஒளியில் வேறொரு தொல்லையும் உண்டு. இலை மஞ்சளிக்கிறதா, அடியில் பூச்சி இருக்கிறதா என்று எதுவும் கண்ணுக்குத் தெரியாது. எல்லாச் செடியும் கருநிறமாகவே நிற்கும். படிக்கும் அறையில் வைத்தால் உங்கள் தலைவலி தனி.

நான்கடி நீளமுள்ள 20 வாட் எல்.இ.டி. ட்யூப்லைட் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் பொருத்தி, நாற்றின் நுனியிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு மேல் போகாமல் தொங்கவிடுங்கள். நாற்று வளர வளர விளக்கையும் உயர்த்திக்கொண்டே போகலாம். நாளொன்றுக்கு 14 முதல் 16 மணி நேரம் எரியட்டும். மிளகாய், தக்காளி விதைகள் முளைப்பதற்கு ஒளி தேவையில்லை. ஆனால் மண்ணைப் பிளந்துகொண்டு முதல் முளை தெரிந்த அன்றே விளக்கைப் போட்டுவிட வேண்டும், இரண்டு நாள் தாமதித்தாலும் நீட்சி தொடங்கிவிடும். ஏற்கெனவே நீண்டுவிட்ட தக்காளி நாற்றை வித்திலை (விதையிலிருந்து முதலில் விரியும் இலை) வரை மண்ணுக்குள் புதைத்து நட்டால் தண்டிலிருந்தே வேர்விட்டுத் தேறிவிடும். மிளகாய் அவ்வளவு எளிதில் தேறாது.

இன்னொன்று: ஏப்ரல் கடைசி முதல் ஆகஸ்டு நடுப்பகுதி வரை உச்சிச் சூரியன் சென்னைக்கு வடக்கே நகர்ந்துவிடுவதால், அந்த மாதங்களில் உங்கள் வடக்குப் பால்கனியிலும் காலையும் மாலையும் சாய்வெயில் விழக்கூடும். விளக்கு வாங்கும் முன் அதைக் கவனித்துப் பாருங்கள்.

கேள்வி: ஒரு பெட்டியில் 1000 வாட் என்றும், மற்றொன்றில் இத்தனை லூமென் என்றும், வேறொன்றில் இத்தனை கெல்வின் என்றும் போட்டிருக்கிறார்கள். எதைப் பார்த்து வாங்குவது?
– வாசகர், மதுரை

பதில்: பெரிய எழுத்தில் போட்ட 1000 வாட்டை நம்பாதீர்கள். அது பெரும்பாலும் ‘பழைய விளக்குக்கு ஈடானது’ என்ற கணக்கில் விற்பனையாளர் தாமே வழங்கிக்கொண்ட பட்டம். அந்த விளக்கு உண்மையில் இழுக்கும் மின்சாரம் 100 வாட்டாக இருப்பது சர்வசாதாரணம். பெட்டியின் ஓரத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் மின்நுகர்வைத் தேடிப் படியுங்கள்.

லூமென் என்பது மனிதக் கண்ணுக்காக வகுத்த அளவு. நம் கண்ணுக்குப் பச்சையும் மஞ்சளும் கலந்த ஒளிதான் மிகப் பிரகாசமாகத் தெரியும் என்பதால், சிவப்பும் நீலமும் மட்டும் உமிழும் விளக்குக்கு லூமென் எண் அநியாயமாகக் குறைந்து காட்டும். வெள்ளை விளக்குகளை ஒன்றோடொன்று ஒப்பிட மட்டும் அது உதவும். கெல்வின் எண் ஒளியின் சாயலைச் சொல்லுமே தவிர அளவைச் சொல்லாது: 6500 என்றால் நீலச்சாயல், 2700 அல்லது 3000 என்றால் சிவப்புச்சாயல், 4000 நடுவில்.

செடிக்கு உகந்த அளவு, ஒரு சதுர மீட்டரில் ஒரு நொடிக்கு எத்தனை மைக்ரோமோல் ஒளித்துகள்கள் விழுகின்றன என்பதே. அதை அளக்கும் கருவி விலை கூடியது. அதற்குப் பதிலாக, கைப்பேசியில் லக்ஸ் (ஓரிடத்தில் விழும் வெளிச்சத்தைக் கண்ணின் கணக்கில் சொல்லும் அளவு) அளக்கும் செயலி ஒன்றை நிறுவி, இலை இருக்கும் இடத்தில் கைப்பேசியை வைத்து, வரும் எண்ணை 70ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்; அதுவே மைக்ரோமோல் கணக்கு. வெள்ளை எல்.இ.டி. விளக்குக்கு இந்தக் கணக்கு ஏறத்தாழச் சரியாக வரும். வெயிலுக்கு 54ஆல் வகுக்க வேண்டும். நண்பகல் வெயிலில் ஒரு லட்சம் லக்ஸ் காட்டும் செயலி, வரவேற்பறை நடுவில் 200ஐத் தாண்டத் திணறுவதைப் பார்த்தால், ‘எங்கள் வீட்டில் நல்ல வெளிச்சம்’ என்று நாம் நினைப்பதும் செடி நினைப்பதும் எவ்வளவு வேறு என்பது புரிந்துவிடும்.

கேள்வி: அலமாரித் தட்டில் கீரையும் மிளகாயும் வளர்க்க விரும்புகிறேன். நாற்று, இலை, பூ, காய் என்று ஒவ்வொரு பருவத்துக்கும் பல்பை மாற்ற வேண்டுமா?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: நிறத்தை மாற்றுவதைவிட அளவை மாற்றுவதுதான் முக்கியம். நாற்றுக்கு 100 முதல் 150 மைக்ரோமோல் போதும். அதாவது செயலியில் 7,000 முதல் 10,000 லக்ஸ் வரை காட்ட வேண்டும். கீரை வகைகள் நன்றாக இலைவிட ஏறத்தாழ 200, அதாவது 14,000 லக்ஸ் வேண்டும். பூத்துக் காய்க்கும் மிளகாய்க்கு 400க்குக் குறைந்தால் பூ உதிரும், அல்லது செடி இலையாகவே நின்றுவிடும்.

இதைத் தட்டுக் கணக்கில் சொல்கிறேன். நான்கடி நீளமும் ஓரடி அகலமும் உள்ள ஒரு தட்டு நாற்றுக்கு 20 வாட் ட்யூப்லைட் இரண்டு, கீரைக்கு நான்கு, மிளகாய்க்கு எட்டு. எட்டு ட்யூப்லைட் நாளுக்கு 14 மணி நேரம் எரிந்தால் 2.24 யூனிட் ஆகும். இரண்டு மாதப் பட்டியலில் 134 யூனிட் ஏறும். தமிழ்நாட்டில் வீடுகளுக்குக் கிடைக்கும் 100 யூனிட் இலவச மின்சாரத்தை இந்த ஒரு தட்டு மிளகாயே தின்றுவிட்டு, மேலும் கேட்கும். மொட்டை மாடியில் சும்மா கொட்டிக்கிடக்கும் வெயிலை விட்டுவிட்டுக் கோவையில் மிளகாயை விளக்கடியில் காய்க்கவைப்பது எனக்குச் சம்மதமில்லை. நாற்றை விளக்கில் வளர்த்து, ஆறேழு இலை வந்ததும் முதல் நாள் ஒரு மணி நேரம், மறுநாள் இரண்டு மணி நேரம் என்று ஒரு வாரம் வெயிலுக்குப் பழக்கி, மாடிக்கு அனுப்பிவிடுங்கள்.

மாடியே இல்லையென்றால், பூக்கும் பருவத்தில் பாதி விளக்குகளை 3000 கெல்வின் ‘வார்ம் வொயிட்’ ஆக மாற்றிக்கொள்ளலாம். சிவப்புப் பகுதி கூடும். வீட்டுக்குள் காற்றும் தேனீயும் வராது என்பதால், பூத்த செடியைத் தினமும் மெல்ல உலுக்கிவிட்டால்தான் பிஞ்சு பிடிக்கும்.

கீரையிலும் தேர்வு வேண்டும். சிறுகீரை, முளைக்கீரை போன்றவை கடும் வெயிலில் பழகியவை. விளக்கடியில் தண்டு நீண்டு ஏமாற்றும். வெந்தயக்கீரை, புதினா, லெட்யூஸ், கொத்தமல்லி ஆகியவை குறைந்த ஒளியிலும் நன்றாக வரும். கொத்தமல்லிக்கு மட்டும் 12 மணி நேரத்தோடு விளக்கை நிறுத்துங்கள். பகல் நீண்டால் இலையை விட்டுவிட்டுப் பூத்தண்டு எழுப்பத் தொடங்கிவிடும்.

கேள்வி: நான்காண்டுகளாக ஒரு கறிவேப்பிலைச் செடி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு குளிர்காலமும் வீட்டுக்குள் கொண்டுவந்ததும் இலையெல்லாம் கொட்டிவிடுகிறது. எந்த விளக்கு வைத்தால் கொட்டாது?
– வாசகி, ஸ்கார்பரோ, கனடா

பதில்: கறிவேப்பிலையை விளக்கு ஒன்றால் மட்டும் காப்பாற்ற முடியாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். டிசம்பரில் உங்கள் ஊரின் பகல் ஒன்பது மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவு; அந்தச் சூரியனும் தாழ்வாகவே போகும். அதோடு ஜன்னல் கண்ணாடியின் குளிர், ஹீட்டரின் வறண்ட காற்று, கோடையில் ஊற்றிய அதே அளவு தண்ணீர் எல்லாம் சேர்ந்தால், வெப்பநாட்டுச் செடி இலையைக் கொட்டிவிட்டு உறங்கிவிடும். கொட்டியது செத்ததாகாது. நகத்தால் தண்டைக் கீறிப் பாருங்கள்; உள்ளே பச்சை இருந்தால் செடி உயிரோடுதான் இருக்கிறது.

ஜன்னலை ஒட்டி வைக்காமல் ஓரிரு அடி தள்ளி, 18 டிகிரிக்குக் குறையாத இடத்தில் வையுங்கள். 4000 கெல்வின் வெள்ளை எல்.இ.டி. பல்பு, உண்மையான மின்நுகர்வு 30 வாட் அளவில் உள்ளதாகப் பார்த்து, செடியின் உச்சிக்கு ஓரடி மேலே கவ்வும் விளக்குத்தாங்கியில் மாட்டி 14 மணி நேரம் எரியவிடுங்கள். ஊரிலிருந்து கொண்டுபோன பல்பு அங்கே உதவாது. மின்னழுத்தமும் வேறு, மாட்டும் வாயும் வேறு. தண்ணீரை மேல்மண் இரண்டு அங்குலம் காய்ந்த பிறகே ஊற்றுங்கள். குளிர்காலத்தில் உரம் வேண்டாம். இலையின் அடிப்பக்கத்தைச் செஞ்சிலந்திக்காக வாரம் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். இவ்வளவு செய்தாலும் கீழ் இலைகள் சில உதிரவே செய்யும். மே மாத நடுவில் இரவுக் குளிர் விலகியதும் வெளியே வைத்து, நுனியைக் கிள்ளிவிட்டால் கிளைத்து எழும்.

கேள்வி: விளக்கை இரவு பகலாக எரியவிட்டால் செடி இருமடங்கு வேகமாக வளருமா? எங்கள் வீட்டுச் சாமந்தி விளக்கடியில் நன்றாகத் தழைத்திருக்கிறது, மொட்டுதான் வரவில்லை.
– வாசகர், திருநெல்வேலி

பதில்: உங்கள் இரண்டாவது வாக்கியத்துக்கான விடை முதல் வாக்கியத்திலேயே இருக்கிறது. சாமந்தி, நீண்ட இரவு கிடைத்தால்தான் மொட்டுவிடும் செடி. பகலின் நீளத்தைப் பொறுத்துச் செடிகள் பூக்கும் இயல்பை அமெரிக்காவில் கார்னர், அல்லார்டு என்ற இருவர் புகையிலையை வைத்துக் கண்டறிந்து 1920இல் வெளியிட்டார்கள். அதற்குப் பின் வந்த ஆய்வுகள், செடி எண்ணுவது பகலை அல்ல, இடையறாத இருட்டை என்று காட்டின. நள்ளிரவில் சிறிது நேரம் விளக்கைப் போட்டாலே சாமந்தியின் கணக்குத் தப்பிவிடும். பசுமைக்குடிலில் சாமந்தி வளர்ப்பவர்கள் இதைத் திருப்பிப் பயன்படுத்துகிறார்கள்: தண்டு போதிய உயரம் வரும்வரை இரவில் விளக்கெரித்து மொட்டைத் தள்ளிப்போட்டு, பிறகு விளக்கை அணைத்து ஒரே நேரத்தில் பூக்கவைக்கிறார்கள்.

இன்று முதல் உங்கள் சாமந்திக்கு 11 மணி நேர ஒளியும் 13 மணி நேர முழு இருட்டும் கொடுங்கள். கூடத்து விளக்கின் வெளிச்சம்கூட விழாதபடி மாலையில் ஓர் அட்டைப்பெட்டியால் மூடிவைப்பது நல்லது. சில வாரங்களில் மொட்டுத் தெரியும். மற்றச் செடிகளுக்கும் இரவு வேண்டும்; தக்காளிக்கு 24 மணி நேரமும் ஒளி கொடுத்தால் இலை வெளிறிப் பழுதாகும். மறதிக்கு மருந்தாக, மின்செருகியில் மாட்டும் 24 மணி நேர டைமர் ஒன்று வாங்கிவிடுங்கள்.

கேள்வி: அலுவலக மேசையில் இருக்கும் மணிபிளாண்டுக்குக் கூரை விளக்கே போதுமா?
– வாசகர், சேலம்

பதில்: உயிரோடிருக்கப் போதும், வளரப் போதாது. மேசை விளக்கில் 9 வாட் வெள்ளை எல்.இ.டி. பல்பைப் போட்டு, ஓரடி உயரத்தில் அலுவலக நேரம் முழுவதும் எரியவிட்டால் புது இலை வரும். ஞாயிறு விடுமுறையை அது பொருட்படுத்தாது.