சிங்கப்பூர் டு நியூயார்க்: தூரத்தை வகுத்துப் பார்த்து பிக்கப்புக்கு வராதீங்க

கேள்வி: அம்மாவுக்கு 68 வயசு, ஜனவரியில தங்கச்சி பிரசவத்துக்கு சாங்கில இருந்து நியூயார்க் ஜேஎஃப்கேக்கு நேர் ஃப்ளைட். தூரம் சுமார் 15,350 கி.மீ., 900 கி.மீ. வேகம்னா 17 மணி நேரம்தானே வருது, டிக்கெட்ல 18 மணி 40 நிமிஷம்னு இருக்கு. ஞாயிறு 00:05க்கு கிளம்பி ஞாயிறு 05:45க்கே இறங்குதாம், இது தப்பா?

பதில்: டிக்கெட் சரிதாங்க. நீங்க பார்த்த 15,350 வந்து உருண்டை மேல போடுற ரொம்பக் குறுக்கான கோடு, அது வட துருவத்தை ஒட்டிப் போகும், ஆனா விமானம் பெரும்பாலும் அப்படிப் போறதில்ல. மேல 10 கி.மீ. உயரத்துல மேற்குல இருந்து கிழக்கா பலமா ஒரு காத்து அடிக்கும், ஜெட் ஸ்ட்ரீம்னு சொல்வாங்க, அதை முதுகுல வாங்கிக்கிட்டு பசிபிக் வழியா சுத்திப் போனா கிலோமீட்டர் கூடினாலும் நேரமும் எரிபொருளும் மிச்சம். காத்து தினமும் மாறுறதால ரூட்டும் மாறும். அப்புறம் அந்த 900 நடுவானத்து வேகம் மட்டும்தான், டிக்கெட்ல இருக்கிற நேரம் கேட்டை விட்டு நகர்ற நிமிஷத்துல இருந்து அங்க போய் கேட்ல நிக்கிற வரைக்கும், ரன்வேல வரிசையில நிக்கிறதும் அதுல சேர்த்தி.

இப்ப கடிகாரம். டிக்கெட்ல கிளம்புற நேரம் சிங்கப்பூர் நேரம், இறங்குற நேரம் நியூயார்க் நேரம். 00:05 கூட 18:40 சேர்த்தா சிங்கப்பூர்ல ஞாயிறு சாயங்காலம் 6:45, ஜனவரியில அவங்க 13 மணி நேரம் பின்னாடி, அதைக் கழிச்சா ஞாயிறு விடிகாலை 5:45. மார்ச் ரெண்டாவது ஞாயிறுல இருந்து நவம்பர் முதல் ஞாயிறு வரைக்கும் வித்தியாசம் 12 மணிதான். திரும்பி வரும்போது உல்டா, சனி ராத்திரி 10க்கு ஏறினா இங்க திங்கள் காலையிலதான் இறங்குவாங்க, டிக்கெட்ல நேரத்துக்குப் பக்கத்துல சின்னதா +2ன்னு இருக்கும், அதைப் பார்க்காம விட்டுடாதீங்க.

இதைவிட முக்கியம் அந்த 00:05. ஞாயிறுன்னு போட்டிருந்தாலும் நீங்க சாங்கி போக வேண்டியது சனிக்கிழமை ராத்திரி 9 மணிக்கு. டிக்கெட் போடுற வேலையில இத்தனை வருஷத்துல நான் பார்த்த பெரிய கஷ்டம் இதுதான், ஒரு குடும்பம் பெட்டி படுக்கையோட ஞாயிறு ராத்திரி வந்து நின்னாங்க, ஃப்ளைட் போய் 21 மணி நேரம் ஆச்சு, அந்தப் பெரியவர் முகம் இன்னும் மறக்கல.

அம்மா சுகர், பிரஷர் மாத்திரை எடுக்கிறவங்கன்னா தேதியை வச்சு இல்லாம மணிக்கணக்கு வச்சு எப்ப போடணும்னு டாக்டர்கிட்ட முன்னாடியே எழுதி வாங்கிக்குங்க, மாத்திரை கைப்பையிலயே இருக்கட்டும். இவ்வளவு நேரம் உட்கார்றதால நடுநடுவுல எழுந்து நடக்கச் சொல்லுங்க, காலை மடக்கி நீட்டச் சொல்லுங்க.

தங்கச்சிக்கு மெசேஜ் போடும்போது "ஞாயிறு காலை 5:45, உங்க ஊர் டைம்"னு அப்படியே டைப் பண்ணுங்க. இமிக்ரேஷன், பெட்டி எல்லாம் முடிஞ்சு அம்மா வெளிய வர ஏழு, ஏழரை ஆகலாம்.