கஞ்சாப் புகையும் குரோமோசோமும்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: கஞ்சா குரோமோசோமை உடைக்கும் என்பது நிரூபணமான உண்மைதானே?

பதில்: இல்லை. குரோமோசோம் என்பது செல்லுக்குள் மரபணுக்களைத் தாங்கும் இழை. 1974இல் வந்த ஓர் ஆய்வு, புகைப்பவர்களின் வெள்ளணுக்களில் உடைவுகள் மிகுதி என்றது; அதே ஆண்டு, தன்னார்வலர்களுக்குக் கஞ்சா கொடுத்துச் சோதித்த மற்றோர் ஆய்வில் அவ்வாறு எதுவும் தென்படவில்லை. அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த மருத்துவ நிறுவனத்தின் (Institute of Medicine) 1982ஆம் ஆண்டு அறிக்கை, கஞ்சா பெரும்பாலும் குரோமோசோமை உடைப்பதில்லை என்றும், செல் பிரிகையில் குரோமோசோம்கள் சரியாகப் பங்கிடப்படுவதைக் குலைக்கக்கூடும் என்றும் முடிவு கூறியது.

கேள்வி: ஐந்து ஆண்டுகளாகப் புகைக்கிறேன். என் குரோமோசோம்கள் கெட்டிருக்குமா?

பதில்: புகையிலை கலந்தா, கலக்காமலா? மது உண்டா? அண்மையில் எக்ஸ்ரே எடுத்தீர்களா? எதையும் எழுதாமல் தீர்ப்பை மட்டும் கேட்கிறீர்கள். பழைய ஆய்வுகள் பலவற்றின் குறையும் இதுவே. கஞ்சா புகைப்போரில் பலர் சிகரெட்டும் பிடிப்பவர்கள். அதைப் பிரித்தறியாமல் உடைவுகளை எண்ணிவிட்டுப் பழியைக் கஞ்சாவின் மேல் மட்டும் போடுவது கணக்காகாது. எண்ணுவதிலும் கவனம் வேண்டும்: நுண்ணோக்கியில் குரோமோசோமில் சாயம் ஏறாத மெல்லிய வெளிறல் தெரிந்து, அதன் இரு பக்கமும் ஒரே கோட்டில் நின்றால் அது இடைவெளியே தவிர உடைவு அன்று, இரண்டையும் ஒன்றாகக் கூட்டினால் எந்தப் பொருளையும் குற்றவாளி ஆக்கிவிடலாம். பல முறை எழுதியதையே மீண்டும் எழுதுகிறேன்: புகை வேறு, கஞ்சாவிலுள்ள போதைப்பொருள் வேறு. எந்த இலையை எரித்தாலும் பென்சோபைரீன் போன்ற, டி.என்.ஏ.வைத் தாக்கும் சேர்மங்கள் உண்டாகும். கலிபோர்னியா 2009இல் புற்றுநோய்க் காரணிகளின் பட்டியலில் சேர்த்ததும் கஞ்சாப் புகையைத்தான்.

கேள்வி: அப்படியென்றால் கஞ்சாவைப் புகைக்காமல் உண்டால் ஆபத்தில்லையே?

பதில்: அப்படி நான் எழுதவில்லை. குரோமோசோம் தப்பினாலும் பதின்பருவ மூளையும் வயிற்றிலுள்ள கருவும் தப்புவதில்லை.

கேள்வி: என் குரோமோசோம் பரிசோதனையில் ஒன்பதாம் குரோமோசோமின் ஒரு பகுதி தலைகீழாக உள்ளதாம். கஞ்சாவால் வந்ததா?

பதில்: இல்லை. நூற்றில் ஓரிருவருக்குப் பிறவியிலேயே இருக்கும், பொதுவாகத் தீங்கற்ற வேறுபாடு அது.

கேள்வி: குழந்தைக்கு முயல்கிறோம். கணவர் எப்போது நிறுத்த வேண்டும்?

பதில்: இன்றே. சுமார் 1,200 டென்மார்க் இளைஞர்களிடம் நடந்த ஆய்வில், வாரம் ஒரு முறைக்கு மேல் புகைத்தோரின் விந்தணு எண்ணிக்கை கால்பங்குக்கும் மேல் குறைந்திருந்தது. புதிய விந்தணு உருவாக இரண்டரை மாதம் ஆகும். ஆகவே மூன்று மாதம் முழுமையாக விட்டபின் விந்தணுவைச் சோதியுங்கள். சிகரெட்டையும் சேர்த்தே விட வேண்டும்.