ஐசிடி பற்றிக் கேளுங்கள்

கோவையில் இதயக் கருவிகளைச் சோதிக்கும் பிரிவில் 22 வருடமாக டெக்னீஷியன். ஆபத்தான துடிப்பை ஷாக் கொடுத்து நிறுத்தும் ஐசிடி பற்றிக் கேளுங்கள், சொல்கிறேன்.

பெருந்துறை: அப்பாவுக்கு ஐசிடி வைக்கணுமாம். பேஸ்மேக்கர்தானே அது?

இல்லைங்க. பேஸ்மேக்கர் மெதுவாகத் துடிக்கும் இதயத்தைத் தூண்டிவிடும். ஐசிடி அதையும் செய்யும். ஆனால் இதயத்தின் கீழறைகள் தாறுமாறாக நடுங்கி ரத்த ஓட்டம் நின்றால், அதைச் சில நொடிகளில் கண்டுகொண்டு உள்ளிருந்தே ஷாக் கொடுப்பதுதான் அதன் தனி வேலை. கருவியின் விவரம் எழுதிய கருவி அட்டையை அப்பாவின் சட்டைப்பையிலேயே வைத்துவிடுங்கள்.

ஈரோடு: செல்போன் பேசலாமா?

பேசலாம். கருவி இல்லாத பக்கத்துக் காதில். அரை அடி தள்ளியிருக்கட்டும். கருவிக்கு மேலுள்ள பாக்கெட்டில் போடாதீர்கள்.

திருப்பூர்: ஷாக் மெஷின் கொண்டுவந்த அமெரிக்க டாக்டர் லவுனே ஐசிடியை எதிர்த்தார். ஐசிடி வேலை செய்வதைக் காட்டிய படத்தில் இருந்ததும் பழக்கிய நாய்தானாம். எல்லாம் வியாபாரம்தானே?

தம்பி, இது எப்படித் தொடங்கியது என்று பாருங்கள். இஸ்ரேலில் மிரோவ்ஸ்கி என்ற டாக்டருக்கு ஹெல்லர் குருபோல. ஹெல்லருக்குத் துடிப்புக் கோளாறு திரும்பத் திரும்ப வந்தது, 1966ல் இறந்தார். ஷாக் மெஷின் பக்கத்தில் இருக்கணும் என்று ஆயுள் முழுக்க ஆஸ்பத்திரியிலேயே படுத்திருக்க யாரால் முடியும்? ஷாக் மெஷினை உடம்புக்குள்ளேயே வைத்தால் என்ன என்று மிரோவ்ஸ்கி யோசித்தார். அமெரிக்காவின் பால்டிமோர் போய், மோவர் என்ற டாக்டரோடு சேர்ந்து உருவாக்கினார். நீங்கள் சொன்ன படத்தில், நாய் சுருண்டு விழுந்து, கருவி ஷாக் கொடுத்ததும் எழுந்து வாலாட்டும். பழக்கிய நாய் என்று அப்போதே சொன்னார்கள். அதனால் இசிஜி கோட்டையும் சேர்த்தே படம் எடுத்தார்கள். இசிஜி நடிக்காது. 1980 பிப்ரவரியில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில் முதல் நோயாளிக்கு வைத்தார்கள்.

அதே திருப்பூர்: அப்போ லவுன் சொன்னது தப்பா?

1972ல் அவர் கேட்டது நியாயமான கேள்வி. யாருக்கு வைப்பது என்று அப்போது தெளிவில்லை. நெஞ்சைத் திறந்துதான் வைக்கவும் முடியும். பதில் சொல்ல 30 வருடம் ஆனது. மாரடைப்பால் இதயம் பலவீனமான 1,232 பேரிடம் நடந்த ஆய்வு 2002ல் வந்தது: சராசரி 20 மாதத்தில் கருவி இல்லாதவர்களில் 19.8 சதவீதம் பேர் இறந்தார்கள், கருவி உள்ளவர்களில் 14.2. இப்போது நெஞ்சைத் திறக்காமல் ரத்தக்குழாய் வழியே கம்பியை விடுகிறோம். எல்லோருக்கும் வேண்டியதில்லை, வேண்டியவருக்கு மறுப்பது பாவம்.

நாமக்கல்: செல்போன்?

மேலே ஈரோட்டுக்காரருக்குச் சொல்லியிருக்கிறேன், படியுங்கள்.

கரூர்: நேற்று ஒரு ஷாக் அடித்தது. இப்போ நல்லா இருக்கேன்.

இன்றே உங்கள் டாக்டரிடம் பேசி, கருவியைச் சோதித்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் இரண்டாவது அடித்தாலோ மயக்கம், நெஞ்சுவலி வந்தாலோ உடனே 108. கருவி அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள்.

கோபி: செலவு எவ்வளவு?

அது என் வேலை இல்லைங்க. ஆஸ்பத்திரிக் காப்பீட்டு மேசையில் கேளுங்கள்.

பொள்ளாச்சி: அப்புச்சி காலமாகிவிட்டார். மின்மயானத்துக்குக் கொண்டுபோகிறோம். கருவி உள்ளே இருக்கலாமா?

கூடாதுங்க அம்மணி. சூட்டில் பேட்டரி வெடிக்கும். நீங்களாக எடுக்கவும் வேண்டாம், எடுப்பவருக்கு ஷாக் அடிக்கலாம். சிகிச்சை பார்த்த ஆஸ்பத்திரிக்கு இப்போதே போன் போடுங்கள். அவர்கள் முதலில் அதை அணைத்துவிட்டுத்தான் எடுப்பார்கள். மயானத்திலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.