சாவியை எடுத்துக் கொடுத்தவர் தப்பலாமா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஐயா, போன மாசியில் இரவு பத்தரைபோல காங்கேசன்துறை வீதியில் என் அத்தானை ஒரு பட்டா வாகனம் அடித்தது. கால் முறிந்து கம்பி வைத்தார்கள், இன்றுவரை மேசன் வேலைக்குப் போக முடியவில்லை. ஓட்டியவர் பின்னேரம் ஐந்து மணியிலிருந்து ஒரு பாரில் இருந்தவராம். எழும்ப ஏலாமல் இருந்தவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து, கீழே விழுந்த சாவியையும் எடுத்துக் கொடுத்து ஏற்றிவிட்டது அங்கே வேலை செய்யும் பெடியன்தான் என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள். ஓட்டியவருக்குக் கோட்டில் தண்டம் போட்டார்கள், எங்களுக்கு ஒரு சதமும் வரவில்லை. "இங்கேயென்றால் பாரையே வழக்குக்கு இழுக்கலாம்" என்கிறார் ரொறன்ரோவில் இருக்கும் அண்ணா. இங்கே முடியாதா? – கோண்டாவில் வாசகர்

பதில்: அண்ணா சொன்னது சரி. ரொறன்ரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் வெறி ஏறியவருக்கு மேலும் ஊற்றிக் கொடுத்து, அவரால் யாருக்காவது காயம் வந்தால் கடைக்காரரிடமும் நட்டஈடு கேட்கலாம் என்று சட்டத்திலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். அங்கே மதுபானம் பரிமாறுகிறவர் 'ஸ்மார்ட் சேர்வ்' என்ற பயிற்சியை முடித்திருக்க வேண்டும் (அண்ணாவைக் கேளுங்கள், அவருக்குத் தெரிந்த பெடியள் நாலுபேராவது அந்தச் சோதனை எழுதியிருப்பார்கள்). இதற்கெல்லாம் அத்திவாரம் 1973இல் கனடா உச்ச நீதிமன்றம் கொடுத்த ஒரு தீர்ப்பு. ஒரு ஹோட்டலுக்கு வழமையாக வந்து குடிக்கிறவர், அளவு மீறினால் எப்படி ஆவார் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும், தெரிந்தும் ஊற்றிக் கொடுத்துவிட்டு, கடைசியில் இரவில் வெளியே தள்ளிவிட்டார்கள். அவர் நெடுஞ்சாலையோரம் நடந்துபோகையில் கார் மோதியது. நீதிமன்றம் பழியை மூன்று பங்காகப் பிரித்தது: குடித்தவருக்கு ஒன்று, கார்க்காரருக்கு ஒன்று, ஹோட்டலுக்கு ஒன்று.

ஆனால் உலகம் முழுக்க இதுதான் என்று நினைத்துவிடாதீர்கள். அவுஸ்திரேலியாவில் தாஸ்மேனியாவில் நடந்தது நேர்மாறு. ஒருவர் தன் மனைவியின் மோட்டார் சைக்கிளையும் சாவியையும் பார்க்காரரிடம் ஒப்படைத்துவிட்டுக் குடித்தார். வெறி ஏறியதும் திருப்பித் தா என்று நின்றார், மனைவியைக் கூப்பிடவும் விடவில்லை. பார்க்காரர் கொடுத்துவிட்டார். வீட்டுக்குப் போகும் வழியிலேயே மனிதர் விபத்தில் செத்துப்போனார். மனைவி வழக்குப் போட, 2009இல் உயர் நீதிமன்றம் பார்க்காரர் பொறுப்பில்லை என்று முடித்தது. வளர்ந்த மனிதரின் சாவியைப் பிடித்துவைக்க நீ யார் என்ற கேள்விதான் அங்கே வென்றது. எனக்கு அந்தத் தீர்ப்பு ஒத்துவரவில்லை, ஆனால் ஒன்றைக் கவனியுங்கள், அங்கே செத்தது குடித்தவரே. உங்கள் அத்தான் குடித்தவரில்லை, வீதியால் போனவர்.

சரி, நம் நாட்டுக்கு வருவோம். பாரைப் பொறுப்பாக்குவதற்கென்று தனிச் சட்டம் இங்கே இல்லை. இரத்தத்தில் நூறு மில்லிலீற்றருக்கு 80 மில்லிகிராமுக்கு மேல் மதுசாரத்தோடு வாகனம் ஓட்டினால் குற்றம், 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மதுபானம் விற்றால் குற்றம், இரண்டும் உண்டு. ஆனால் ஐந்து மணித்தியாலம் ஊற்றிக் கொடுத்தவர் அத்தானுக்கு என்ன கொடுக்கவேண்டும் என்று கேட்டால், ஒல்லாந்தர் விட்டுப்போன பழைய றோமன் டச்சுச் சட்டத்தின் பொதுவான விதிக்குத்தான் போகவேண்டும்: கவனயீனத்தால் ஒருவருக்கு நட்டம் வைத்தால் ஈடு கட்டு. ஊற்றிக் கொடுத்தது ஒரு பக்கம் இருக்கட்டும், சாவியை எடுத்துக் கொடுத்து ஏற்றிவிட்டது உண்மையென்றால், கேட்டுப்பார்ப்பதற்கு இடம் இருக்கிறது என்பது என் எண்ணம். லேசான வழக்கில்லை. வேலை செய்த பெடியனைப் பிடிக்காதீர்கள், வேலைநேரத்தில் அவன் செய்ததற்கு முதலாளி பொறுப்பு.

அதைவிட முதலில் செய்யவேண்டியது வேறு. தண்டப்பணம் அரசாங்கத்துக்குப் போகும், உங்களுக்கு வராது. நட்டஈட்டுக்கு மாவட்ட நீதிமன்றத்தில் தனி வழக்குப் போடவேண்டும், அதுவும் விபத்து நடந்து 2 வருடத்துக்குள். வாகனத்துக்கு மூன்றாம் ஆள் காப்புறுதி கட்டாயம் இருந்திருக்கவேண்டும், சாரதி குடித்திருந்தார் என்று சொல்லிக் காப்புறுதிக்காரர் வெளியாளைத் தட்டிக்கழிப்பது லேசல்ல. ஆகவே அவர்களுக்கு வழக்குப் பற்றி முறைப்படி அறிவித்தல் கொடுக்கும்படி சட்டத்தரணியிடம் மறக்காமல் சொல்லுங்கள். பாரில் சிசிடிவி இருந்தால் அதையும் உடனே கேட்கச் சொல்லுங்கள், பழைய பதிவின்மேல் புதுப் பதிவு ஏறிவிடும், ஏற்கெனவே ஏறியும் இருக்கலாம். அப்புறம், பார்த்தவர்களின் பெயரை இப்போதே எழுதிவையுங்கள். நம் ஊரில் கோடு என்றதும் கண் தெரியாமல் போகிறவர்கள் கனபேர்.

கேள்வி: பத்து வருடமாகப் பாரில் வேலை செய்கிறேன். "இனிக் காணும் அண்ணை" என்றால் போத்தலால் அடிக்க வருகிறார்கள். முகத்தைப் பார்த்து அளவு சொல்ல நான் என்ன வைத்தியரா? தவறணையில் முட்டக் குடித்துவிட்டு எங்களிடம் ஒரே ஒரு பியர் எடுத்தவர் விபத்துச் செய்தாலும் நாங்களா பொறுப்பு? – சுன்னாகம் வாசகர்

பதில்: தம்பி, ஒரு பியர் எடுத்தவருக்கு நீங்கள் பொறுப்பென்று எந்த நியாயஸ்தரும் சொல்லமாட்டார். அமெரிக்காவில் பல மாநிலங்களில் பாரைப் பொறுப்பாக்கும் சட்டம் இருக்கிறது, அங்கேயும் டெக்சாஸ் போன்ற இடங்களில் வெறி வெளிப்படையாகத் தெரிந்தும் ஊற்றினால்தான் பிடிப்பார்கள். முகம் பார்த்துச் சொல்வது கஷ்டம் என்பதும் உண்மைதான், நாள்பட்ட குடிகாரர் தள்ளாடமாட்டார், கடைசிக் கிளாஸ் வேலைசெய்யத் தொடங்கும்போது ஆள் வீதியில் நிற்பார். ஆனால் முகம் தெரியாவிட்டாலும் பில் தெரியுமே! எந்த மேசைக்கு எத்தனை கால் போத்தல் போனது என்று கணக்கு வைக்காத பார் யாழ்ப்பாணத்தில் இருக்கிறதா? காசு வாங்கும்போது எண்ணத் தெரிந்த முதலாளிக்கு, நாலாவது காலில் "வாகனம் கொண்டுவந்தனீங்களோ அண்ணை?" என்று கேட்டு ஒரு ஓட்டோ பிடித்துக்கொடுக்கத் தெரியாதா? ஓட்டோக் காசைப் பில்லிலேயே சேர்க்கட்டும்.

உங்கள் பக்கத்தில் இன்னொரு நியாயமும் இருக்கிறது, அதை நீங்கள் எழுதவில்லை. இங்கே பாதிப்பேர் பாருக்குள் இருந்து குடிப்பதேயில்லை, போத்தலை வாங்கிக்கொண்டு வயல்வெளிக்கோ மதகடிக்கோ போய்விடுகிறார்கள். அதற்குக் கடைக்காரரைப் பிடிக்கச் சொல்வது, கத்தி விற்றவரைக் கொலைக்குப் பிடிக்கிற மாதிரி. எங்கள் அப்பு காலத்தில் தவறணைக்குப் போனவர்கள் சைக்கிளை உருட்டிக்கொண்டு வருவார்கள், விழுந்தால் வேலிக்குள் விழுவார்கள், சேதம் வேலிக்குத்தான். இப்போது கையில் மோட்டார் சைக்கிள்.

கேள்வி: வெளிநாட்டிலிருந்து வந்த மச்சான் எங்கள் வீட்டில் விருந்து வைத்துப் போத்தல் உடைத்தார். குடித்துவிட்டுப் போனவர் வழியில் யாரையாவது அடித்தால் எங்கள் தலையிலும் விழுமா? – மானிப்பாய் வாசகி

பதில்: அமெரிக்காவின் நியூ ஜேர்சியில் 1984இல், வெறி தெரிந்தும் ஊற்றிக் கொடுத்த வீட்டுக்காரரும் பொறுப்பு என்றார்கள். கனடாவில் 2006இல், விருந்து வைத்தவர் என்பதற்காக மட்டும் பொறுப்பில்லை என்றார்கள். வீட்டில் பில்லும் இல்லை, இலாபமும் இல்லை, ஆகவே எனக்குக் கனடாத் தீர்ப்பே சரியாகப் படுகிறது. ஆனாலும் தங்கச்சி, அடுத்தமுறை வருகிறவர்களுக்கு விறாந்தையில் பாயைப் போட்டுவிடுங்கள். தேசிக்காய்த் தண்ணி கொடுத்து அனுப்பலாம் என்று நினைக்கவேண்டாம், அது வெறியை இறக்காது.